உணவுக்கு அடிமையா, பசியா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் சுகாதாரக் கூட்டங்களில் சாப்பாடு பற்றிப் பேச்சு வந்தால், கடைசியில் யாராவது ஒருவர் "எனக்கு வாயைக் கட்டவே முடியவில்லை, இது என்ன வருத்தம்?" என்று கேட்காமல் போவதில்லை. அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு என்னால் சொல்லக்கூடிய பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

உணவுக்கு அடிமையாவது என்று உண்மையில் ஒரு நோய் இருக்கிறதா?

மருத்துவர்கள் நோய்க்குப் பெயர் வைக்கப் பயன்படுத்தும் இரண்டு பெரிய பட்டியல்களிலும் அப்படி ஒரு பெயர் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பிலும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பிலும் இல்லை. ஆகவே உங்கள் கிளினிக் கொப்பியில் எந்த டாக்டரும் 'உணவு அடிமைத்தனம்' என்று எழுதித்தர மாட்டார். ஆனால் கட்டுப்பாடில்லாமல் பெருந்தொகையாகச் சாப்பிடும் கோளாறு ஒன்று இரண்டு பட்டியல்களிலும் உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பெயர் பட்டியலில் இல்லை என்பதால் வேதனை பொய்யாகிவிடாது. தெரன் ராண்டால்ஃப் என்ற அமெரிக்க மருத்துவர் 1956இலேயே இதைப் பற்றி எழுதினார். இன்று ஆய்வாளர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஆலையில் பதப்படுத்திய சில உணவுகள் புகையிலையைப் போலவே மூளையைப் பிடித்துக்கொள்கின்றன என்கிறது ஒரு பக்கம். உணவில் அப்படி ஒரு தனிப் பொருளைக் காட்ட முடியவில்லை, சாப்பிடும் செயலுக்குத்தான் சிலர் அடிமையாகிறார்கள் என்கிறது மற்றப் பக்கம். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சரி, நோயே முடிவாகவில்லை என்றால் எதை வைத்து அளக்கிறார்கள்?

2009இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி கியர்ஹார்ட், வில்லியம் கோர்பின், கெல்லி பிரவுனெல் ஆகிய மூவரும் 25 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். சாராயம், போதைப்பொருள் ஆகியவற்றுக்கு அடிமையானவரை அடையாளம் காண மருத்துவர்கள் ஏற்கனவே வைத்திருந்த ஏழு அறிகுறிகளை எடுத்து, அவற்றை உணவுக்குப் பொருத்திக் கேட்டார்கள். போதைக்கான அறிகுறிகள் பின்னர் பதினொன்றாக மாற்றப்பட்டதால், 2016இல் 35 கேள்விகளுடன் இரண்டாம் பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டே 13 கேள்விகளில் ஒரு குறும்பதிப்பும் வந்தது.

இரண்டாம் பதிப்பு கடந்த பன்னிரண்டு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. நினைத்ததைவிட அதிகமாகச் சாப்பிட்டீர்களா? குறைக்கப் பார்த்துத் தோற்றீர்களா? அந்த உணவைத் தேடுவதிலும் தின்பதிலும் தின்ற களைப்பிலும் நிறைய நேரம் போகிறதா? வேலையும் வீட்டுப் பொறுப்பும் தடைப்படுகின்றனவா? நோய் கூடும் என்று தெரிந்தும், வீட்டில் சண்டை வந்தும் விட முடியவில்லையா? முன்பு தந்த நிறைவைப் பெற இப்போது அதிகம் தேவைப்படுகிறதா? விட்டால் எரிச்சலோ சோர்வோ வருகிறதா? இந்த மாதிரிப் போகும் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'ஒவ்வொரு நாளும்' வரை எட்டுப் பதில்கள் உண்டு.

ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே வரம்பு கிடையாது. சில விஷயங்கள் மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலே கணக்கில் சேரும். வேறு சில, வாரத்தில் நாலு நாளாவது நடந்தால்தான் சேரும். இணையத்தில் யாரோ வெட்டி ஒட்டிய பத்துக் கேள்விக்கு 'ஆம்' போட்டு எண்ணிப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

எத்தனை அறிகுறி இருந்தால் 'இருக்கிறது' என்று சொல்வார்கள்?

இரண்டாம் பதிப்பில் இரண்டு அல்லது மூன்று அறிகுறி என்றால் இலேசானது, நாலு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமை. ஆனால் இந்த எண்ணிக்கை மட்டும் போதாது. இதனால் வாழ்க்கை உண்மையாகவே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது மனம் பெரிதாக நொந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் அறிகுறி பத்து இருந்தாலும் அளவுகோல் 'இல்லை' என்றுதான் சொல்லும்.

இந்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை இந்த அளவுகோல் நிறுப்பதே இல்லை. பிடி தன் கையை விட்டுப் போய்விட்டதா, அதனால் அவர் அவதிப்படுகிறாரா என்பதைத்தான் பார்க்கிறது.

இப்படிக் கேள்வி கேட்டு எண்ணுவதை நம்பலாமா?

கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துப் பாருங்கள். ஒரே கூடையை மூன்று தடவை தூக்கினால் மூன்று தடவையும் ஒரே எடை காட்ட வேண்டும். அது ஒரு விஷயம். காட்டும் எடை சரியான எடையாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விஷயம். ஒவ்வொரு தடவையும் தவறாமல் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும் தராசு மாறாத தராசுதான், ஆனால் சரியான தராசு அல்ல.

முதல் சோதனையில் யேல் அளவுகோல் நன்றாகவே தேறியிருக்கிறது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஒரு எண் உண்டு. 1 என்றால் முழு ஒத்திசைவு. 2009 ஆய்வில் அது 0.86 ஆக இருந்தது. அது நல்ல எண்.

இரண்டாம் சோதனைதான் கடினம். இரத்தத்தில் பார்த்தோ படம் பிடித்தோ 'இவர் உணவுக்கு அடிமை' என்று அறுதியாகச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது; ஆகவே அளவுகோலை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உரைகல் இல்லை. சுற்றுவழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மன அழுத்தத்தில் சாப்பிடுவது, பெருந்தொகையாகச் சாப்பிடுவது முதலியவற்றை அளக்கும் வேறு கேள்வித்தாள்களோடு இதன் புள்ளிகள் சேர்ந்து ஏறுகின்றன. அவை சொல்லாத எதையோ இது கூடுதலாகச் சொல்கிறது என்பதும் தெரிந்தது. 2011இல் வெளியான ஆய்வொன்றில் 48 இளம் பெண்களின் மூளையைப் படமெடுத்தார்கள். மில்க்‌ஷேக் வரப்போகிறது என்ற குறிப்பைக் கண்டதும், அதிகப் புள்ளி பெற்றவர்களின் மூளையில் ஆசையோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன.

எதிர்ச் சாட்சியும் உண்டு. புலிமியா என்பது பெருந்தொகையாகச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டும் நோய். 2014இல் ஒரு ஆய்வில், அப்போது அந்த நோய் இருந்த அனைவரும் யேல் அளவுகோலில் 'ஆம்' என்ற பக்கத்தில் விழுந்தார்கள். பட்டினி கிடந்து கிடந்து பிறகு உடைந்துபோய்ச் சாப்பிடுகிறவரையும் இந்தத் தராசு 'அடிமை' என்றே காட்டும் என்று இதற்கு அர்த்தம். மலையகத்தில் இருக்கும் நாம் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மாதக் கடைசியில் அரை வயிறு. சம்பளம் போட்டதும் கொத்து ரொட்டி, இறைச்சி, பிஸ்கட் என்று வயிறு வெடிக்கச் சாப்பிடுகிறோம். இது அடிமைத்தனமா?

இல்லை. முதலில் இது பசி.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். ஆறு மாதம் அவர்களுக்கு அரைகுறையாகவே சாப்பாடு. நாள் முழுக்க அவர்கள் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் புத்தகம் வாசித்தார்கள், தட்டை வழித்து நக்கினார்கள். திரும்பவும் தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது சிலருக்கு எவ்வளவு தின்றும் நிறைவு வரவில்லை. போதைப்பொருளுக்கு அடிமையானவர் செய்வதாகச் சொல்லப்படும் பலவற்றை, பட்டினி மட்டுமே அவர்களைச் செய்ய வைத்தது. சர்க்கரைக்கு அடிமையான எலிகள் என்று பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். அந்த எலிகளுக்கும் ஒவ்வொரு நாளும் பல மணிநேரம் உணவை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் சீனித் தண்ணீர் கொடுத்தார்கள்.

இதை நம் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 சதவீதம். தோட்டப் பகுதியில் மட்டும் அது 31.7 சதவீதம். 2022 பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறியபோது ரொட்டியின் எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் குறைந்த வருமானமுள்ள பெண்களிடம் செய்து அதே 2022இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: அடுத்த வேளைக்கு உணவு நிச்சயமில்லாதவர்களிடம் உணவு அடிமைத்தனத்தின் அறிகுறிகள் அதிகம்.

பசியே காரணமா, காசில்லாத நாட்களில் வாங்க முடிகிற மலிவான இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் காரணமா, இரண்டுமா என்பது வேறு விவாதம். ஆனால் பசி இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வித்தாளை நீட்டுகிறவர், "மாதத்தில் எத்தனை நாள் போதுமான சாப்பாடு இல்லை?" என்பதை முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் எண்ணிய எண்ணிக்கையை நான் ஏற்கமாட்டேன். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் வெறும் தேத்தண்ணியோடு மலை ஏறி, மாலையில் வந்து பானையை வழித்துச் சாப்பிடும் அக்காவை 'வாய்க்கு அடிமை' என்று சொல்வது அநியாயம்.

அப்படியானால் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதும் உணவு அடிமைத்தனமும் வேறு வேறா?

தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. தீபாவளிக்கும் கோவில் திருவிழாவுக்கும் அளவு மீறிச் சாப்பிடாதவர் யார்? அது கொண்டாட்டம்.

மேலே சொன்ன பெருந்தொகை உண்ணும் கோளாறுக்கு வரையறை உண்டு. ஏறக்குறைய இரண்டு மணிநேரத்துக்குள், அதே நிலையில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகம் சாப்பிட வேண்டும்; நிறுத்த முடியவில்லை என்ற உணர்வும் கூடவே இருக்க வேண்டும். இது வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர வேண்டும். அதோடு வேகமாக விழுங்குவது, வயிறு நோகும்வரை சாப்பிடுவது, பசியில்லாமலே சாப்பிடுவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, பிறகு தன்மேல் அருவருப்போ குற்ற உணர்ச்சியோ வருவது ஆகிய ஐந்தில் மூன்றாவது வேண்டும்.

இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் யேல் அளவுகோலிலும் 'ஆம்' ஆகிறார்கள். மறுபாதி ஆவதில்லை. அதேபோல, ஒரே நேரத்தில் பெருந்தொகையாகச் சாப்பிடாமல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தபடியே விட முடியாமல் தவிக்கிறவர்களும் உண்டு. எது எதற்குக் காரணம் என்பதில் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான ஆய்வுகள் ஒரே ஒரு நேரத்தில் கேட்டு எழுதியவை. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று அவை காட்டும். எது முந்தியது என்று காட்டாது.

குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது வரும்?

இல்லை. உடல் எடையோடு இதற்குள்ள தொடர்பு பலரும் நினைப்பதைவிடப் பலவீனமானது. ஜெர்மனியில் பொதுமக்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய 8 சதவீதம் பேர் 'ஆம்' ஆனார்கள். எடை மிகவும் கூடியவர்களோடு, எடை குறைந்தவர்களிடமும் விகிதம் அதிகமாக இருந்தது. குண்டானவர்களில் பெரும்பாலோர் இந்த அளவுகோலில் 'இல்லை' என்ற பக்கத்தில்தான் இருக்கிறார்கள். உடம்பைப் பார்த்து ஒருவருக்கு இந்தப் பட்டத்தைக் கட்ட வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சீனி போட்ட பிளேன்டீ குடிக்கிறேன். குடிக்காவிட்டால் தலையிடி. சீனிக்கு அடிமையாகிவிட்டேனா?

அந்தத் தலையிடி பெரும்பாலும் தேயிலையின் வேலை. தேயிலையில் காஃபீன் இருக்கிறது; வழக்கமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்கும், எரிச்சல் வரும், கண்ணைச் சுழற்றும். யேல் அளவுகோலை எழுதியவர்களே இதை யோசித்து, தேநீர், கோப்பி நிறுத்தியதால் வரும் கஷ்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேள்வித்தாளில் சொல்லியிருக்கிறார்கள். தேயிலை விளையும் ஊரில் இந்த ஒரு வரியை விட்டுவிட்டுக் கேட்டால் பாதித் தோட்டத்துக்கு 'விலகல் அறிகுறி' இருப்பதாக வந்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது லேசு. தேத்தண்ணியை அப்படியே குடியுங்கள், சீனியை மட்டும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சமாகக் குறையுங்கள். தலையிடி வரவில்லையென்றால் காரணம் சீனி இல்லை.

ஆனால் அடிமைத்தனம் இல்லை என்பதற்காகச் சீனி பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சீனி. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஆறு கோப்பை குடித்தால் 48 கிராம். பெரியவர் ஒருவருக்குச் சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. தேத்தண்ணியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

எந்தச் சாப்பாடு அதிகம் இழுக்கிறது? சோறுமா?

கொழுப்பும் தீட்டிய மாவும் சீனியும் ஒன்றாகச் சேர்ந்தவை. 2015இல் வெளியான ஆய்வில் மக்கள் தாங்களாகவே முன்னுக்கு வைத்தவை சொக்லட், ஐஸ்கிரீம், பொரித்த உருளைக்கிழங்கு, பீட்ஸா போன்றவை. நம் பக்கத்தில் அந்த இடத்தில் கேக், கிரீம் பிஸ்கட், ரோல்ஸ், மிக்சர், கொத்து வரும்.

யேல் கேள்வித்தாளின் உதாரணப் பட்டியலில் வெள்ளைப் பாணோடு சோறும் இருக்கிறது. அமெரிக்கருக்கு அது பல உணவுகளில் ஒன்று. நமக்கு அதுதான் சாப்பாடே. "சோற்றைக் குறைக்க முடியவில்லையா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அதில் எதுவும் நிரூபணமாகாது.

2019இல் கெவின் ஹால் குழுவினர் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுமுறை உணவும் கொடுத்தார்கள். விரும்பிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரையும் 'அடிமை' என்று தேர்ந்தெடுக்கவில்லை, சாதாரண மனிதர்கள்தான். அளவு மீறிச் சாப்பிடுவதில் உணவின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

என் மாமிக்குச் சீனி வருத்தம். நடுராத்திரியில் எழுந்து பிஸ்கட் டின்னைத் தேடுகிறார். கேட்டால் கோபம் வருகிறது.

கோபப்படாமல் முதலில் மருந்துச் சிட்டையைப் பாருங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் சிலருக்கு இரத்தத்தில் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், பொறுக்க முடியாத பசி வரும். மாமி பிஸ்கட் தேடுவது அவர் உயிரைக் காப்பாற்றும் காரியமாகக்கூட இருக்கலாம். அந்த நேரத்தில் அவரைத் தடுக்க வேண்டாம். முடிந்தால் இரத்தச் சீனியைப் பார்த்து எழுதி வைத்து, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மருந்தும், ஒலன்சபின் போன்ற மனநல மருந்துகளும் பசியைக் கூட்டும். மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது. மனச்சோர்வு, தூக்கமின்மை, துக்கம் இவையும் இதே மாதிரித் தோன்றும்.

பாணும் பணிசும் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பயப்பட வேண்டுமா?

பாட்டைக் கேட்டதும் வாய் ஊறுவது எல்லாப் பிள்ளைக்கும் நடப்பது. அதற்கெல்லாம் பெயர் வைக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கென்று 2013இல் ஒரு தனி யேல் அளவுகோல் வந்தது. அதைப் பயிற்சி பெற்றவர்கள்தான் கையாள வேண்டும். காசு திருடித் தின்பது, ஒளித்து வைப்பது, சாப்பிட்ட பிறகு அழுவது போன்றவை தொடர்ந்து நடந்தால் பேசுங்கள். குளிர்பானப் போத்தலில் 2016இலிருந்து சீனி அளவுக்கு நிற அடையாளம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் சீனி மிக அதிகம். அதைப் பார்க்கப் பிள்ளைக்கே பழக்கிவிடுங்கள்.

நான் ஆசிரியர். எங்கள் தோட்டத்தில் இந்தக் கேள்வித்தாளைக் கொடுத்துக் கணக்கெடுக்கலாமா?

அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டாம். உணவைப் பற்றிய நினைப்பில் கவனம் சிதறி, வாகனம் ஓட்டும்போதோ இயந்திரத்தில் வேலை செய்யும்போதோ அடிபடப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். கார் இல்லாதவர் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். வழுக்கும் மலைப் பாதை, கவ்வாத்துக் கத்தி, தொழிற்சாலை ரோலர் என்று கேட்டால்தான் அவருக்குப் புரியும். உணவுப் பட்டியலும் நம் கடையில் கிடைப்பதாக இருக்க வேண்டும். மாற்றியதை முதலில் சிலரிடம் வாசித்துக் காட்டி, "என்ன கேட்கிறேன் என்று விளங்கியது?" என்று அவர்கள் வாயால் சொல்லவைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் திரும்பக் கேட்டு, பதில் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தனியாக, ஒளித்துச் சாப்பிடுவது ஒரு முக்கியமான அடையாளம். ஒரே காம்பராவில் ஆறுபேர் இருக்கும் லயத்தில் யார் தனியாகச் சாப்பிட முடியும்? இங்கே அது கடைக்குப் போய்வரும் வழியிலும், மலையிலும், மற்றவர்கள் தூங்கிய பிறகும் நடக்கும். வீட்டில் எல்லாரும் சுற்றியிருக்கக் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தனி இடம் கிடைக்காவிட்டால் கேட்காமலே விடுவது மேல். எழுதத் தெரியாதவரிடம் வாசித்துக் கேட்பவர் அவருடைய உறவினராகவோ கங்காணியாகவோ இருக்கக்கூடாது.

எனக்கு இருக்குமோ என்று சந்தேகம். வீட்டில் என்ன செய்யலாம்?

இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், அதற்கு முன் எவ்வளவு நேரம் வயிறு காலியாக இருந்தது, அப்போது மனம் எப்படி இருந்தது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போனதா. கலோரி எண்ண வேண்டாம். நீண்ட நேரம் பசியோடு இருந்த பிறகுதான் எல்லாம் நடக்கிறது என்று தெரிந்தால், காலையில் ரொட்டியும் சம்பலும் கொஞ்சம் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவதே முதல் மருந்து. பெருந்தொகையாகச் சாப்பிடும் கோளாறுக்குத் தரும் பேச்சுச் சிகிச்சையிலும் முதல் படி வேளாவேளைக்குச் சாப்பிடுவதுதான். பட்டினி கிடந்து ஈடுகட்டுவது நிலைமையை மோசமாக்கும்.

யாரிடம் போவது?

வயிறு நிறைந்திருந்தும், பசி இல்லாமலும் இது திரும்பத் திரும்ப நடந்து மனம் நொந்தால், அல்லது சாப்பிட்ட பிறகு வாந்தியெடுத்தால் தாமதிக்க வேண்டாம். தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லி, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். போகும்போது அந்தக் கொப்பியையும், குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். "எனக்கு உணவு அடிமைத்தனம்" என்று தொடங்க வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள், எப்போது, எவ்வளவு நேரம், நிறுத்த முடிந்ததா என்று சொல்லுங்கள். டாக்டருக்குத் தேவை அதுதான்.